டியூப் இல்லை என்கிறார்கள். அதற்குப் பதில் என்ன இருக்கிறது?

மும்பையில் ரோடு பைக் வாங்கும் ஒருவர் கடையை விட்டு வெளியேறுவதற்குள் ஒரு வாக்கியத்தைக் கேட்டுவிடுகிறார்: “டியூப்லெஸ் போட்டுக்கொள்ளுங்கள், அப்புறம் பஞ்சர் கவலையே இல்லை.” மாட்டுங்காவின் ஃபைவ் கார்டன்ஸைச் சுற்றி விடியலில் மிதிக்கும் குழுக்களிலும், செம்பூரிலிருந்து கிழக்கு விரைவு நெடுஞ்சாலை வழியே தாணேவை நோக்கிக் கிளம்பும் குழுக்களிலும் இதே வாக்கியம் அறிவுரையாகவும், சில வேளைகளில் ஏளனமாகவும் வழங்குகிறது. ‘இன்னும் டியூபிலேயே ஓட்டுகிறாயா?’ என்று கேட்பவருக்குத் தம் சக்கரத்துக்குள் ஊற்றிய திரவம் எப்போது காய்ந்துபோனது என்பது பெரும்பாலும் தெரிந்திருப்பதில்லை.

அந்த வாக்கியம் முழுப் பொய்யாக இருந்தால் அதை மறுப்பது எளிது. அது பாதி உண்மை. அந்தப் பாதியைச் சொல்லி விற்பவர்கள் மறு பாதியை வாங்குபவரின் தலையில் விட்டுவிடுகிறார்கள். மறு பாதி வெளிப்படும் இடமோ சயான் மேம்பாலத்தின் கீழ், மழையில், லாரிகளுக்கு நடுவே.

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. ‘டியூப்லெஸ்’ என்பது ஒரு பொருளை அதில் இல்லாததைக் கொண்டு குறிக்கும் பெயர். ‘லெஸ்’ என்னும் ஈறு ஒரு சுமை நீங்கிவிட்டது என்ற உணர்வை மட்டும் தருகிறது. நீங்கிய இடத்தில் என்ன வந்து அமர்ந்தது என்பதைச் சொல்வதில்லை. டியூப் என்ற ஒரே உறுப்பு நீங்கியதும் அதன் வேலையை நான்கு உறுப்புகள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஸ்போக் துளைகளை அடைக்கும் காற்றுப்புகா டேப், ரிம்மோடு இறுக்கமாகப் பொருந்தும் வால்வு, ரிம்மின் விளிம்பை இம்மியும் பிசகாமல் கவ்வும் டயர், சிறு துளைகளை அடைக்கும் சீலன்ட் என்பவை அவை. நான்கில் ஒன்று தவறினாலும் காற்று நிற்காது. ‘நான்குறுப்பு டயர்’ என்று பெயரிட்டிருந்தால் அதை வாங்குபவர் முதல் நாளே நான்கு கேள்விகள் கேட்டிருப்பார்.

நியாயமாக, அதன் நன்மைகளை முதலில் சொல்லிவிட வேண்டும். டியூப் உள்ள டயர் குழியின் விளிம்பில் மோதும்போது டயருக்கும் ரிம்முக்கும் இடையே டியூப் நசுங்கி இரண்டு துளைகள் விழுகின்றன. பாம்பு கடித்ததுபோல் அருகருகே இருக்கும். குழிகள் மலிந்த நகரத்தில் இவ்வகைப் பஞ்சர் மிகுதி. நசுங்குவதற்கு டியூப் இல்லாத டயரில் இவ்வகைப் பஞ்சர் ஏற்படுவதில்லை. அதனால் காற்றழுத்தத்தைக் குறைத்து ஓட்டலாம். பிடிமானம் கூடும், உடல் அதிர்வு குறையும். சிறு முள், கம்பித் துணுக்கு, கண்ணாடிச் சில்லு ஆகியவை இட்ட துளையைச் சீலன்ட் அடைத்துவிடும். ஒட்டுபவர் பல நாட்களில் அதை அறிவதுகூட இல்லை. இவை மெய்யான நன்மைகள். ஆனால் நான்கு உறுப்புகளும் நலமாக இருக்கும் நாள்வரைதான் இவை நிலைக்கும்.

சீலன்டையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான சீலன்ட்களின் அடிப்படை ரப்பர்ப் பால். கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் மரத்தைக் கீறிச் சிரட்டையில் வடியவிடும் அதே இனப் பொருள்தான். அது உறையாமலிருக்கச் சில சேர்மங்களும், துளையை அடைக்கச் சில துகள்களும் கலந்திருக்கும். துளை வழியே காற்றோடு வெளியேறும் பால் அங்கேயே உறைந்து அடைப்பாகிறது. அந்தப் பால் டயருக்குள்ளும் மெல்ல மெல்லக் காய்ந்துகொண்டே இருக்கிறது என்பதைத்தான் விற்பவர் சொல்வதில்லை. வெப்பம் மிக்க ஊர்களில் அது இன்னும் விரைவாகக் காய்கிறது. இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை சக்கரத்தைக் காதருகே ஆட்டிப் பார்க்க வேண்டும். திரவம் அலம்பும் ஒலி கேட்காவிட்டால் வால்வின் உள்ளூசியைக் கழற்றி மறுபடி ஊற்ற வேண்டும். ரோடு பைக் டயர் ஒன்றுக்குப் பொதுவாக 30 முதல் 60 மி.லி. வேண்டியிருக்கும். மழைக்காலம் முழுவதும் பால்கனியில் நின்ற மிதிவண்டியை அக்டோபரில் எடுத்துக் காற்றடித்துக் கிளம்புபவர் நம்பியிருப்பது உலர்ந்த ரப்பர்த் தோலை. ‘சீலன்ட் போட்டிருக்கிறேன்’ என்று அவர் சொல்வது இலக்கணப்படி சரி. நடைமுறையில் அது இறந்தகாலச் செய்தி.

அடுத்தது தேர்வு. டயரின் நிறுவனப் பெயரிலிருந்து தேர்வைத் தொடங்குவது முதல் பிழை. தேர்வு ரிம்மிலிருந்து தொடங்க வேண்டும். ரிம்மின் உள்ளகலம் எத்தனை மில்லிமீட்டர்? அதன் விளிம்பில் டயரைப் பற்றும் கொக்கி உண்டா, இல்லையா? இவ்விரண்டுக்கும் விடை தெரியாமல் டயர் வாங்குவது கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குவதைவிட மோசம். செருப்பு கடித்தால் உயிர் போகாது.

இங்கே இரண்டாவது ‘லெஸ்’ நுழைகிறது. ‘ஹூக்லெஸ்’ என்பது உள்விளிம்பில் கொக்கி இல்லாத, நேர்ச்சுவர் கொண்ட ரிம். அதில் டயரைப் பிடித்துவைப்பது டயர் விளிம்பின் நீளாத உறுதியும், ரிம்–டயர் அளவுகளின் துல்லியப் பொருத்தமும் மட்டுமே. ஆகவே ஐரோப்பிய டயர்–ரிம் தொழில்நுட்ப அமைப்பின் தரவரைவு இத்தகைய ரிம்முக்கு 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐ என்று காற்றழுத்த உச்சவரம்பு வைத்திருக்கிறது. டியூபுக்கென்றே செய்யப்பட்ட சாதாரண டயரை இதில் மாட்டவே கூடாது. ஹூக்லெஸ் ரிம்முக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் குறிப்பிட்ட டியூப்லெஸ் டயர் மட்டுமே பொருந்தும்.

இது ஏட்டளவு எச்சரிக்கை அன்று. 2024 பிப்ரவரியில் ஐக்கிய அரபு அமீரகச் சுற்றுப்போட்டியில் பெல்ஜிய வீரர் தாமஸ் டி கெண்ட் விழுந்தபோது, அவரது ஹூக்லெஸ் ரிம்மிலிருந்து டயர் முற்றிலும் கழன்று கிடந்த படங்கள் உலகெங்கும் பரவின. கல்லொன்றில் மோதியதே காரணம் என்று விளக்கம் தரப்பட்டது. அவர் ஓட்டிய அகலத்தில் ரிம்மும் டயரும் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்ற விவாதம் எழுந்தது. தொழில்முறை வீரர் சங்கத்தின் தலைவர் ஆடம் ஹேன்சன் இவ்வகை ரிம்களை வெளிப்படையாக எதிர்த்தார். கல்தான் காரணம் என்றே கொள்வோம். முழுநேர மெக்கானிக்குகள் சூழ, சீரான சாலையில் ஓடிய சக்கரம் ஒரு கல்லுக்கே அப்படியானது என்றால், குர்லாவிலும் தாராவியிலும் நாள்தோறும் நூறு கல்லையும் குழியையும் கடக்கும் சக்கரத்துக்கு அளவுப் பொருத்தம் எத்தனை முக்கியம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

எண்களைப் படிக்கத் தெரியாததும் ஒரு மொழிச் சிக்கலே. இட்லி விற்பவரின் கனத்த மிதிவண்டி டயரில் ‘28 × 1½’ என்று பொறித்திருக்கும். அங்கே 28 என்பது அங்குலத்தில் சக்கரத்தின் விட்டம். ரோடு பைக் டயரில் ‘700 × 28சி’ என்றிருக்கும். இங்கே 28 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். ஒரே எண், இரு வேறு பொருள். முன்னது 635 மி.மீ. விட்டமுள்ள ரிம்முக்கு, பின்னது 622 மி.மீ. விட்டமுள்ள ரிம்முக்கு. ஒன்று மற்றதில் ஏறாது. டயரின் பக்கச்சுவரில் சிறிய எழுத்தில் ‘28–622’ என்று பொறித்திருக்கும் எண்ணிணைதான் ஐயமற்றது: முதல் எண் அகலம், இரண்டாவது ரிம்மின் விட்டம். கடைக்காரர் உச்சரிக்கும் பெயரைவிட இந்த இரண்டு எண்களையே நம்ப வேண்டும்.

அகலத்திலும் அழுத்தத்திலும் இந்நகரத்தின் ஓட்டிகளிடையே ஒரு பழைய பக்தி நீடிக்கிறது: டயர் ஒல்லியாக இருந்தால் வேகம், காற்று கல்லாக இருந்தால் வேகம். வழுவழுப்பான உருளையின் மேல் ஓட்டினால் இது ஓரளவு மெய். கரடான சாலையில் கல்போன்ற டயர் ஒவ்வொரு மேட்டிலும் ஓட்டியையும் வண்டியையும் தூக்கி எறிகிறது. அந்தத் தூக்கலுக்குச் செலவாகும் ஆற்றல் ஓட்டியின் கால்களிலிருந்தே போகிறது. இருபதாண்டுகளுக்கு முன் 23 மி.மீ. டயரில் பந்தயம் ஓட்டிய தொழில்முறை வீரர்களே இன்று 28, 30 மி.மீ. என அகன்றுவிட்டார்கள். அவர்கள் ஓடுவது பிரான்ஸின் தார்ச்சாலையில். சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலையில் ஓட்டுபவர் அவர்களைவிட ஒல்லியான டயர் கேட்பது எந்தக் கணக்கு? வண்டியின் சட்டமும் பிரேக்கும் இடம் கொடுத்தால் மும்பைக்கு 30 அல்லது 32 மி.மீ. டயரே தகும். ஏறத்தாழ 70 கிலோ எடையுள்ளவருக்கு 28 மி.மீ. டியூப்லெஸ் டயரில் 65 பிஎஸ்ஐ அளவில் தொடங்கிக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பது போதுமானது. 90 கிலோவைத் தாண்டியவர் ஹூக்லெஸ் ரிம்மில் 28 மி.மீ. டயரைத் தேர்ந்தால், தமக்கு வேண்டிய அழுத்தம் உச்சவரம்பைத் தொட்டுவிடும். அவருக்கு அகன்ற டயர் கட்டாயம். டயர் ஓர் உச்சவரம்பையும் ரிம் வேறோர் உச்சவரம்பையும் சொன்னால், இரண்டில் குறைந்ததே சட்டம்.

சாலையைப் பேசாமல் டயரைப் பேசுவது இந்நகரத்தில் நேர்மையாகாது. 2009-இல் திறந்த பாந்த்ரா–வொர்லி கடற்பாலத்திலும், 2013-இல் திறந்த கிழக்கு ஃப்ரீவேயிலும், 2024-இல் திறந்த கடற்கரைச் சாலையிலும் இருசக்கர வண்டிகளுக்கு இடமில்லை. நகரத்தின் சீரான தளங்கள் நான்கு சக்கரங்களுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டன. மிதிவண்டிக்கு எஞ்சியவை கீழே உள்ள தெருக்கள்: பேவர் பிளாக் பெயர்ந்த விளிம்பு, கான்கிரீட் போடத் தோண்டி மூடிய பள்ளம், சாலை மட்டத்துக்குக் கீழே புதைந்த சாக்கடை மூடி. ஜூன் முதல் செப்டம்பர் வரை இவை அனைத்தின் மேலும் நீர் நிற்கும். நீர் குழியை மறைக்கிறது. சில்லுகளைச் சாலையோரத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. நனைந்த ரப்பரைச் சில்லு எளிதில் அறுக்கவும் உதவுகிறது. நல்ல சாலை குடிமக்களின் அடிப்படை உரிமை என்று பம்பாய் உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அரசு தர வேண்டிய அந்த உரிமையை ஒருவர் டயர் விலையாகத் தம் பணப்பையிலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் ‘பஞ்சர் கவலையே இல்லை’ என்னும் வாக்கியத்தின் உட்பொருள்.

இனி, சிக்கல் வரும்போது என்ன செய்வது? இதைத்தான் விற்பனை வாக்கியம் ஒருபோதும் சொல்வதில்லை.

புதிய டயர் ரிம்மில் ஏறி அமராவிட்டால் கைப்பம்போடு மல்லுக்கட்டுவதால் பயனில்லை. வால்வின் உள்ளூசியைக் கழற்றி, டயர் விளிம்பில் சோப்புநீர் தடவி, கம்ப்ரஸரால் ஒரே வீச்சில் காற்றை விட வேண்டும். ‘டப் டப்’ என்று விளிம்பு ஏறி அமரும் ஒலி கேட்கும். அப்போதும் அழுத்தம் உச்சவரம்பைத் தாண்டக் கூடாது. காற்று இரவோடிரவாக இறங்கினால் சக்கரத்தை நீரில் முக்கிக் குமிழி வரும் இடத்தைப் பார்க்க வேண்டும். வால்வின் அடியிலிருந்தோ ஸ்போக் துளையிலிருந்தோ குமிழி வந்தால் குற்றவாளி பெரும்பாலும் டேப். டேப்பில் ஓரிடத்தில் விழுந்த கிழிசலின் காற்று ரிம்மின் உட்கூட்டுக்குள் ஓடி வேறோரிடத்தில் வெளிவரும்; ஆகவே குமிழி வந்த இடத்தை மட்டும் ஒட்டிப் பயனில்லை, டேப்பை முழுதாக மாற்ற வேண்டும். பம்ப் அடித்தும் காற்று உள்ளே போகாவிட்டால் உறைந்த பால் வால்வை அடைத்திருக்கும். உள்ளூசியைக் கழுவ வேண்டும் அல்லது மாற்ற வேண்டும்.

வழியில் டயர் கிழிந்து சீலன்ட் பீறிட்டால், துளையைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பிச் சற்று நேரம் பால் அங்கே தேங்கவிட வேண்டும். அதற்கும் அடங்காத கிழிசலுக்கு மிதிவண்டிக்கென்று விற்கும் மெல்லிய அடைப்புத் திரியைச் செருக வேண்டும். அதுவும் நிற்காவிட்டால் டியூப்லெஸ் வால்வைக் கழற்றிவிட்டு, டயரின் உட்புறத்தைத் தடவி முள் இல்லை என்று உறுதிசெய்து, ஒரு டியூபை உள்ளே இட்டு வீடு திரும்ப வேண்டும். டியூப்லெஸ் ஓட்டுபவரும் பையில் டியூப் வைத்திருக்க வேண்டும் என்பதே அந்த விற்பனை வாக்கியத்துக்குப் போதிய மறுப்பு. டயர் கழலாமல் அடம்பிடித்தால் முழுச்சுற்றும் விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் அழுத்தித் தள்ளினால் தளர்வு கிடைக்கும். இதை வீட்டில் ஒருமுறை பழகாதவர் சாலையில் செய்ய முடியாது. நாற்பது கிலோமீட்டர் தொலைவில், மழையில், வழுக்கும் விரல்களோடு முதல் பாடம் கற்க நேர்ந்தவர்கள் இந்நகரத்தில் நிறைய.

மூன்றாவதாக ஒரு தவறு உண்டு, அது இழிவானதும்கூட. ‘நம் வண்டியைச் சாலையோரப் பஞ்சர் கடைக்காரரிடம் கொடுக்காதீர்கள், அவருக்கு டியூப்லெஸ் தெரியாது’ என்கிறார்கள். இந்தியாவில் மோட்டார் சைக்கிளும் காரும் பெருமளவு டியூப்லெஸுக்கு மாறிவிட்டன. தொண்ணூறடிச் சாலையிலும் செம்பூர் செடா நகர்ச் சந்திப்பிலும் கம்ப்ரஸர் வைத்திருப்பவர் ஒரே நாளில் அடைக்கும் டியூப்லெஸ் துளைகளை, அவரை ஏளனம் செய்பவர் வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டார். காற்று எங்கே கசிகிறது என்பதை நீரில் முக்கிக் கண்டுபிடிக்கும் கலையும் அவருடையது. அவரிடம் இல்லாதவை இரண்டே: ரோடு பைக்கின் ஒல்லி வால்வில் பொருத்தும் சிறிய பித்தளை அடாப்டர், இந்த டயருக்கு எத்தனை பிஎஸ்ஐ என்ற தகவல். அடாப்டரை ஓட்டி தம் பையில் வைத்துக்கொள்ளலாம். தகவலை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். மோட்டார் சைக்கிளுக்கான தடித்த திரியை இந்த மெல்லிய டயரில் குத்தினால் துளை பெரிதாகும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அவர் புரிந்துகொள்வார். அவருக்குத் தெரியாமற் போனதற்குக் காரணம் திறமைக் குறைவு அன்று. தகவல் முழுவதும் ஆங்கிலத்தில், பெட்டிக்குள் மடித்த தாளில், ஓட்டி தூக்கி எறிந்த தாளில் இருக்கிறது.

அப்படியானால் யாருக்கு டியூப்லெஸ், யாருக்கு டியூப்? தாராவியில் விடியுமுன் அவித்த இட்லியைப் பாத்திரத்தில் அடுக்கிக் கேரியரில் கட்டி, ஹாரன் அடித்தபடி கிளம்பும் இட்லிக்காரரைப் பார்த்தால் விடை தெளிவாகும். அவருக்கு வேகம் வேண்டியதில்லை. எந்தத் தெருமுனையிலும் சில ரூபாயில், சில நிமிடத்தில் சரிசெய்யக்கூடிய சக்கரம் வேண்டும். வண்டி நின்றால் சாம்பார் ஆறும், அன்றைய வருமானம் போகும். டியூபும் கனத்த டயரும் அவர் அறியாமையால் விட்டுவைத்த பழமை அல்ல. தம் தொழிலை அறிந்து செய்த தேர்வு. அதே அளவுகோலை ரோடு பைக்குக்கும் வைக்கலாம். வாரத்தில் பல நாள் நெடுந்தொலைவு ஓட்டி, மாதந்தோறும் சக்கரத்தைக் கவனிக்க மனமும் நேரமும் உள்ளவருக்கு, அளவு பொருந்திய ரிம் இருந்தால், டியூப்லெஸ் சிறந்தது. மாதம் இருமுறை மட்டும் ஓட்டுபவருக்கு, அகன்ற நல்ல டயரும் டியூபும் இரண்டு மாற்று டியூபுகளும் போதும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

‘இத்தனை கேள்வி கேட்டால் புதிதாக வருபவர் பயந்து ஓடிவிடுவார்’ என்று ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. புதிதாக வருபவரை விரட்டுவது கேள்விகள் அல்ல. பஞ்சரே ஆகாது என்று நம்பிப் பெருந்தொகை செலவழித்து, மூன்றாம் மாதம் நடுச்சாலையில் பால் வழியும் சக்கரத்தோடு நின்று, தம்மையே குற்றவாளியாக எண்ணிக்கொள்ளும் அந்தக் காலைதான் அவரை விரட்டுகிறது.

ஆகவே கேட்க வேண்டியவை சிலவே. செலவும் அதிகம் இல்லை. விற்கும் கடை, ரசீதிலேயே மூன்று விவரங்களை எழுதித் தரட்டும்: ரிம்மின் உள்ளகலம், கொக்கி உண்டா இல்லையா, உச்ச அழுத்தம். அதை வாங்குபவர் படிக்கும் மொழியில், தமிழிலோ மராத்தியிலோ இந்தியிலோ எழுதட்டும். சீலன்ட் ஊற்றிய தேதியை ரிம்மில் ஒரு துண்டுத் தாளில் ஒட்டட்டும். காரில் ஆயில் மாற்றினால் அப்படித்தானே செய்கிறார்கள்! மிதிவண்டிக் குழுக்கள் மழைக்காலம் தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை விட்டுவிட்டு, தெருமுனைப் பஞ்சர் கடைக்காரரையும் அழைத்து, கூலி கொடுத்து, டயரைக் கழற்றி மாட்டப் பழகட்டும். அவர் குழுவுக்குக் கற்றுத்தர நிறைய இருக்கிறது. குழு அவருக்குச் சொல்ல வேண்டியது அந்த அடாப்டரும் அந்த எண்ணும்.

இதற்குள் யாராவது ‘டியூப்லெஸ் போடுங்கள், கவலை இல்லை’ என்றால், அவரிடம் ஒரு கேள்வி போதும்: கடைசியாகச் சீலன்ட் ஊற்றியது எந்த மாதம்? விடை உடனே வந்தால் அவர் சொல்வதைக் கேட்கலாம்.